மச்சான் வீட்டுக்குப் போன கரை

டெக்காய் என்கிற என் அண்ணன் கப்பல் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியபோது இரண்டு சாமான்கள் கொண்டுவந்தான். ஒன்று மோட்டார் சைக்கிள். இன்னொன்று அபிப்பிராயம். மோட்டார் சைக்கிளாவது பெட்ரோல் தீர்ந்தால் நின்றுவிடும்.

எங்கள் பிக்கேனூராவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது கட்டிலின் மேல் சைக்கிள் விடுவது மாதிரி. கிளப்பி, கியர் மாற்றி, நிமிர்ந்து பார்ப்பதற்குள் தீவு முடிந்துவிடும். வடக்கே காயல், தெற்கே பெருங்கடல், நடுவில் நாங்கள். குறுக்காகக் கடப்பதற்கு ஒரு சுருட்டே அதிகம். மலை கிடையாது, ஆறு கிடையாது. ஊரிலேயே உயரமான இடம் தென்னையின் உச்சி. அதில் ஏறிக் கள் இறக்குகிறவன்தான் எங்களுக்குத் தெரிந்த உயர்ந்த மனிதன்.

நான் அகோகோ. வானிலை ஆபீசுக்காக மழை அளக்கிறவள். தலைநகரிலிருந்து ஒரு மழைமானி கொடுத்திருக்கிறார்கள். காலையில் அதில் என்ன இருக்கிறதோ அதை அளந்து ரேடியோவில் சொல்ல வேண்டும். நான் சொல்லப்போகும் வருடங்களில் அதில் பல்லி இருந்தது, தாழை மடலின் தூசி இருந்தது, ஒருமுறை நண்டு இருந்தது. மழைதான் இல்லை. "இன்னைக்கு என்ன பதிவு?" என்று கேட்டார்கள். "இன்னைக்கு நண்டு" என்றேன். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அரசாங்கம் அல்லவா.

எங்கள் தீவுக்கும் கிழக்கே இருக்கும் தபுவாரிக்கும் நடுவில் ஒரு நீர்வழி இருந்தது. கடல் வற்றினால் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்விடலாம். ஏறினால் படகு வேண்டும். பள்ளிக்கூடம், சர்ச், கடை, மருந்து கொடுக்கிற இடம் எல்லாம் தபுவாரியில். என் அண்ணி மீரேயின் பிறந்த வீடும் அங்கேதான். நீர்வழியை ஒட்டி அந்தப் பக்கம் முதல் வீடு அவளுடைய தம்பி புராங்கேயுடையது. இந்தப் பக்கம் முதல் வீடு என் அண்ணனுடையது. மச்சான்கள் இருவருக்கும் நடுவில் கடவுள் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்திருந்தார். காரணமில்லாமல் விட்டிருக்க மாட்டார் என்பது ஊரில் எல்லோருக்கும் புரிந்திருந்தது, என் அண்ணனைத் தவிர.

வண்டி வந்த கொஞ்ச நாளிலேயே அவன் மனியாபாவில் எழுந்து நின்றான். மனியாபா என்றால் எங்கள் ஊர்க் கூட்டம் கூடுகிற பெரிய கூரைக் கொட்டகை. பெரியவர்கள் தூண்களில் சாய்ந்து கண்ணை மூடியபடி ஊரை ஆளுகிற இடம்.

"ஹாம்பர்க்குல ஆத்துக்கு அடியில ரோடு போட்டிருக்கான்" என்று ஆரம்பித்தான். கூட்டத்தில் பாதி கொட்டாவி விட்டது. அவன் கப்பலில் போய்ப் பார்த்த ஹாம்பர்க் பேச்சில் வந்துவிட்டால், அது முடிய மீன் பொரிகிற நேரம்கூடப் போதாது என்று எல்லோருக்கும் தெரியும். "அவன் ஆத்துக்கு அடியில போடறான். நாம முழங்கால் தண்ணிக்கு மேல போட முடியாதா? கல்லைக் கொட்டினா முடிஞ்சுது. நாலு வாரத்துல ரெண்டு தீவும் ஒண்ணாயிடும்."

புராங்கே கையைத் தூக்கினான். குள்ளமான ஆள், ஆனால் குரல் மட்டும் ரொம்ப உயரம்.

"மச்சான், இக்காரி மீனு முட்டை போட அந்த வழியாத்தான் வெளிக்கடலுக்குப் போவுது. நீ கல்லைக் கொட்டினா அது எப்படிப் போவும்? உன் வண்டியில பின்னாடி உக்காந்தா?"

கொட்டகையே சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்கூடத் தூக்கத்திலேயே சிரித்தார்.

"மீனுக்கு நீச்சல் தெரியும்டா" என்றான் அண்ணன். "சுத்திப் போவும்."

போதகர் அண்ணனின் பக்கம் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தீவுக்காரர்கள் கடல் ஏறியிருந்தது என்று சொல்லிச் சர்ச்சுக்குத் தாமதமாக வருவது அவருக்கு நெடுநாள் வருத்தம். பாதை வந்தால் அந்தச் சாக்கு ஒழியும். பெரியவர்கள் கண்ணைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் அது சம்மதம்.

ஊர் வேலை என்று முடிவாகிவிட்டால் வரமாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்கள் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள், பெண்கள் ஓலைக் கூடையில் சுமந்தோம். எல்லோரையும் விட அதிகம் சுமந்தவன் புராங்கே. ஒவ்வொரு கல்லையும் போடும்போது, "இது மச்சான் மூளை", "இது மச்சான் மூளையோட தம்பி" என்று பெயர் வைத்துப் போட்டான்.

நான்கு வாரம் என்றவன் வேலை நான்கு மாதம் ஆனது. திறப்பு விழாவுக்குப் பன்றி அறுத்தோம். போதகர் ஜெபித்தார். அண்ணன் பூமாலையோடு வண்டியில் ஏறி, புகையைக் கிளப்பிக்கொண்டு தபுவாரிக்குப் போனான். நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் திரும்பி வந்தான். மறுபடி போனான். மறுபடி வந்தான். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ புராங்கே வழியை மறித்து ஒரு இளநீரை நீட்டினான்.

"குடி மச்சான். எவ்வளவு தூரத்துப் பயணம். களைச்சிருப்ப."

சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அண்ணி தம்பி வீட்டுக்குக் கால் நனையாமல் போய் வந்தாள். போதகருக்குக் கூட்டம் நேரத்தோடு வந்தது. அப்புறம் ஒரு காலையில் அண்ணி என்னைக் கூப்பிட்டாள்.

"அகோகோ, இங்க வா. நம்ம கரை எங்க போச்சு?"

காயல் பக்கம் அவர்கள் உட்கார்ந்து காற்று வாங்குகிற பரண் ஒன்று உண்டு. அதன் முன்கால்கள் இரண்டும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன.

எங்கள் ஊர்க் காற்று கொண்டல். கிழக்கிலிருந்து வருஷத்தில் பெரும்பகுதியும் அதுதான் அடிக்கும். அது காயல் கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், தினமும் கொஞ்சம், கண்ணுக்குத் தெரியாமல். தபுவாரிக் கரையிலிருந்து கிளம்புகிற மணல் நீர்வழியைத் தாண்டி எங்கள் கரைக்கு வரும், கொஞ்ச நாள் தங்கும், பிறகு மேற்கே போய்விடும். அதை வா என்று யாரும் அழைத்ததில்லை, ஏன் வந்தாய் என்று கேட்டதும் இல்லை. இப்போது அது கல்பாதையில் முட்டி நின்றுவிட்டது. எங்கள் கரையிலிருந்து மேற்கே போவது நிற்கவில்லை. கிழக்கிலிருந்து வருவதுதான் நின்றுபோனது.

நின்ற இடம் புராங்கேயின் வாசல்.

ஒரு வருடத்துக்குள் அவனுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு கரை விரிந்துவிட்டது. அண்ணனுக்கு முதலில் பரண் போனது. பிறகு கரையோரத் தென்னைகள் ஒவ்வொன்றாகக் குனிந்து காயலை முகர்ந்து பார்த்துவிட்டு விழுந்தன. பன்றிக் கொட்டில் சாய்ந்த அன்று, பன்றி அதிகம் யோசிக்கவில்லை. நீந்திக் கல்பாதையில் ஏறி, நேராக மச்சான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

நீர்வழியை அடைக்கக் கூடாது என்று கத்தியவன்தான் இப்போது கல்பாதைக்கு ஊரிலேயே பெரிய ரசிகன். மாலையில் புது மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, அண்ணன் கேட்கும்படி சொல்வான்:

"உன்னைத் தப்பா நெனைச்சுட்டேன் மச்சான். நீ சாதாரண ஆளே கெடையாது. இவ்வளவு பெரிய யோசனை எனக்குக் கெடைக்குமா?"

அண்ணன் பொறுத்துப் பார்த்தான். பிறகு மனியாபாவில் வழக்கு வைத்தான்.

"அது என் மணல்" என்றான்.

"அப்படியா?" என்றான் புராங்கே. "பேர் சொல்லிக் கூப்பிடு. வந்தா கூட்டிட்டுப் போ."

"விளையாடாதடா. பாதை போடறதுக்கு முன்னாடி அது எங்க கரைக்கு வந்துட்டு இருந்துச்சு. ஊருக்கே தெரியும்."

"அதுக்கும் முன்னாடி அது எங்க கரையிலதான இருந்துச்சு? உன் வீட்டுக்கு விருந்துக்கு வந்துட்டு இருந்துச்சு. இப்ப வர இஷ்டமில்ல. பொண்டாட்டி தம்பி வீடே சொகமா இருக்குன்னு இருந்துடுச்சு."

மூத்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"மணலை யார் கொண்டுவந்தது?"

"காத்துதான்" என்றார்கள் இருவரும்.

"அப்ப காத்தை வரச் சொல்லுங்க. விசாரிப்போம்." கண்ணை மூடிக்கொண்டார். வழக்கு முடிந்தது.

அண்ணன் விடுகிற ஆள் இல்லை. வண்டிக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டியைக் கட்டினான். தபுவாரிக்குப் போய் மணலை வாரி, பாதை வழியாக இழுத்துவந்து, தன் கரையில் கொட்டினான். புராங்கே தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டையாவது ஆகியிருக்கும். அவன் மண்வெட்டி எடுத்துவந்து நிரப்பிக் கொடுத்தான். "இன்னும் ரெண்டு போடறேன் மச்சான். உன்னோடதுதானே, கூச்சப்படாத."

காலையெல்லாம் அண்ணன் கொட்டுவான். மாலைக்குள் கொண்டல் அதைச் சுருட்டிக்கொண்டு மேற்கே போய்விடும். ஒரு பருவம் முழுக்க என் அண்ணன், தீவின் மேற்கு முனைக்கு மணல் அனுப்பும் தொழிலைத் தன் செலவில் நடத்தினான். அங்கே அதுவரை கரையே இல்லாதவர்கள் பரண் கட்டிக்கொண்டு, அவனைக் கண்டால் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள்.

அடுத்ததாகத் தடுப்புச் சுவர். பழைய எண்ணெய் டிரம்களில் கல்லை நிரப்பி வரிசையாக நிறுத்தினான். துறைமுகத்தில் பார்த்த மாதிரியே கம்பீரமாகத்தான் இருந்தது. அலை அதை எதிர்க்கவே இல்லை. சுவரின் காலடியில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்தது. ஒரு மத்தியானம் டிரம்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் காயலைப் பார்த்து முகம் குப்புற விழுந்தன, ஏதோ வேண்டுதல் மாதிரி.

அன்றைக்கு அண்ணி பாத்திரங்களைக் கூடையில் அடுக்கினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் அண்ணன்.

"அடுப்படிக்குள்ள தண்ணி வருது. தம்பி கரையில போய் அடுப்பு மூட்டறேன்."

"வீட்டை விட்டுப் போறியா?"

"நான் எங்க போறேன்? இது நம்ம மணல்னு நீங்கதான மனியாபாவுல சத்தம் போட்டீங்க? நம்ம மணல் எங்க இருக்கோ அங்க நம்ம அடுப்பு. சாப்பிட வந்து சேருங்க."

அவன் போனான். வேறென்ன செய்வான். மச்சான் வீட்டு வாசலில், தன் மணலின் மேல் உட்கார்ந்து, தன் பெண்டாட்டி சமைத்த சோற்றையும் டின் இறைச்சியையும் விருந்தாளியாகச் சாப்பிட்டான். புராங்கே பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினான். அவ்வளவு உபசாரம்.

இத்தனைக்கும் நடுவில் வானம் எங்களை மறந்தேபோயிருந்தது. எங்கள் ஊரில் நிலத்துக்கு அடியில் இருப்பது கடல்தான். மழை விட்டுப்போன நல்ல தண்ணீர் அதன் மேல் ஒரு மெல்லிய போர்வை மாதிரி கிடக்கும், அவ்வளவுதான். அதைத்தான் கிணற்றில் மொண்டு குடிக்கிறோம். மழை பொய்த்தால் போர்வை மெலியும். வாளியை இரண்டு தடவை கூட இறக்கினால் கீழே படுத்திருக்கிற கடல் எழுந்து பார்க்கும். அந்த வருடம் தேநீருக்குச் சர்க்கரை போட்டால் உப்புச் சர்க்கரை ருசி வந்தது. சீமைப்பலா பிஞ்சிலேயே உதிர்ந்தது. நான் காலை தவறாமல் மழைமானியைத் திறந்து பார்த்து, ரேடியோவில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை என்பதைச் சொல்லவும் ஆள் வைத்திருக்கிறார்களே என்று பெருமையாக இருக்கும்.

அண்ணனின் நிலத்தின் நடுவில் ஒரு பபாய்க் குழி இருந்தது. பபாய் எங்கள் கிழங்கு. நல்ல தண்ணீர் ஊறும் வரை தரையைத் தோண்டி, அந்தச் சேற்றில் நட்டு, வருடக்கணக்காகத் தழை போட்டு வளர்க்க வேண்டும். அந்தக் குழியை எங்கள் அப்பா தோண்டினார். பாறையைச் சிப்பியால் சுரண்டியே பாதி ஆழம் போனார் என்று அம்மா சொல்வாள். அதில் ஆளுயரத்துக்கு மேலே இலை விரித்து நின்ற செடிகளில் மூன்று, அவர் கையால் நட்டவை. கல்யாணம், சாவு எதற்கும் நாங்கள் அவற்றைத் தோண்டியதில்லை. அப்பா இன்னும் அங்கே நிற்கிறார் என்கிற மாதிரி ஒரு எண்ணம்.

ஒரு பௌர்ணமியை ஒட்டிய பகலில் கடல் ஏறியது. எப்போதும் ஏறுவதுதான். ஆனால் எப்போதும் கரையின் மணல் மேடு அதை அங்கேயே நிறுத்தும். இப்போது மேடு இல்லை. காயல் சத்தமே போடாமல், நல்ல வெயிலில், தரையோடு தரையாகப் படர்ந்து வந்தது. கோழிகள் வழிவிட்டன. விழுந்த டிரம்களைச் சுற்றி, அடுப்படி வழியாக நுழைந்து, குழியின் விளிம்பில் ஒரு நிமிடம் தயங்கி, உள்ளே இறங்கியது.

அண்ணன் வாளியோடு குழிக்குள் குதித்தான். நானும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் இறைத்து மேலே வீசினான், அது ஓடி அவனிடமே திரும்பி வந்தது. புராங்கே எப்போது வந்தான் என்று தெரியவில்லை. பார்த்தால் அவனும் இடுப்பளவு சேற்றில் நின்று இறைத்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. அந்த ஒருநாள்தான் அவன் வாயைத் திறக்காமல் நான் பார்த்தது.

கடல் வற்றியபோது குழி நிறைய உப்புத் தண்ணீர் இருந்தது. ஒரு வாரத்தில் இலை மஞ்சளித்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தண்டோடு மடங்கியது. அண்ணன் அப்பாவின் மூன்று செடிகளையும் தோண்டி எடுத்தான். கிழங்கு கையோடு கூழாக வந்தது. நாற்றம் தாங்கவில்லை. அவன் அதைக் கழுவிக்கூடப் பார்த்தான்.

"அகோகோ, இந்த உப்பு எப்பப் போவும்?"

"நல்லா மழை பெஞ்சா போவும்ணே."

"எப்பப் பெய்யும்? உன்கிட்டதான ஆபீஸ்காரன் பேசறான்."

"அவன் என்னைக் கேக்கறான். நீ என்னைக் கேக்கற. நான் பல்லியைக் கேக்கறேன்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதான். நான் அந்தப் பக்கமாகத் திரும்பி, எதையோ பொறுக்குகிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புராங்கே அதற்குப் பிறகு மணலைப் பற்றிப் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஆனால் மணலைக் குறைத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது. வளர்கிற இடத்தை வீணாக்குவானேன் என்று அதன் மேலேயே புது வீடு கட்டினான். தென்னங்கம்பு, தாழை ஓலைக் கூரை, காயலைப் பார்த்த மாதிரி அகலமான வாசல். அக்காவுக்கும் மச்சானுக்கும் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தான். "எல்லாம் உங்க மணல்தான" என்றான். கிண்டலா அன்பா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அப்புறம் ஒருநாள் கொண்டல் நின்றது. ஓலை அசையவில்லை. இரண்டு மூன்று நாள் ஊரே வாயைத் திறந்துகொண்டு வியர்த்தது. மேற்கே மேகம் கறுத்தது. கச்சான் வந்தது.

கச்சான் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. வந்தால் மழையோடுதான் வரும், வராத வருடங்களில் அதைப் பற்றிப் பேசினாலே பொய் மாதிரி இருக்கும். மழை கொட்டியது. ஆண்கள் கூரைக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார்கள், டிரம், சட்டி, படகு, தொப்பி. அண்ணி மழையில் நின்று தலை தேய்த்தாள். என் மழைமானி நிரம்பி வழிந்தது. ரேடியோவில் சொன்னேன்.

"சரியாத்தான் அளந்தீங்களா?"

"இல்ல. வழிஞ்சது போக மிச்சத்தைத்தான் அளந்தேன்."

"மறுபடி ஒருதரம் பாத்துச் சொல்லுங்க." நண்டை மட்டும் அவர்கள் சந்தேகப்பட்டதே இல்லை.

மழைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்குக் காற்றைக் கவனிக்க நேரமில்லை. கச்சான் காயலின் முழு நீளத்துக்கும் அலையைத் திரட்டிவந்து புராங்கேயின் புதுக் கரையில் அறைந்தது. வருடக்கணக்காக வந்து சேர்ந்தது வாரக்கணக்கில் கிளம்பியது. முதலில் வாசல் போனது. பிறகு வீட்டின் கம்புகள் ஒவ்வொன்றாக ஆடின. கடைசியில் கூரை மட்டும் முழுசாக, ஒரு பெரிய ஆமை மாதிரி, காயலில் மிதந்து போனது. அண்ணி மறுபடியும் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கினாள். இந்தத் தடவை யாரும் எங்கே என்று கேட்கவில்லை. என் வீட்டுக்குத்தான் வந்தாள், பின்னால் இரண்டு ஆண்களோடு.

அண்ணனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தன் மணல் தன்னிடம் திரும்பும் என்று. தினமும் போய்ப் பார்த்தான். மேற்குக் காற்று மணலை மேற்கே தள்ளாது, கிழக்கே தள்ளும் என்பது, உலகம் முழுக்கக் கப்பல் ஓட்டியவனுக்கு ஆசையில் மறந்துபோயிற்று. மணல் தபுவாரிக் கரையோரமாகக் கிழக்கே நடந்து, தீவின் மறுமுனையில் போய்ச் சேர்ந்தது. அங்கே இருப்பது போதகர் வீடு.

போதகர் அதில் வாலிபர்களுக்கு வாலிபால் வலை கட்டினார். அந்த ஞாயிறு பிரசங்கம் நன்றியுணர்வைப் பற்றி.

புராங்கே பிரசங்கம் முடிந்ததும் அவரிடம் போனான்.

"ஐயா, அந்த மணல்..."

"கர்த்தருடைய ஈவு, தம்பி" என்றார் போதகர்.

"ஈவா? அது எங்க மச்சானோட மணல்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான். அண்ணன் கச்சானில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், போதகர் உன் மணலை எடுத்துக்கிட்டார்."

அண்ணன் தலை நிமிரவில்லை. "பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தியா?"

"கூப்பிட்டேன். வாலிபால் ஆடிட்டு இருக்கு."

என் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன். அன்று அவனோடு புராங்கேயும் சேர்ந்துகொண்டான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் கடப்பாரையை எடுத்தான்.

மனியாபாவில் கேட்கவில்லை, அனுமதி வாங்கவில்லை. கல்பாதையின் நடுவில் போய் நின்று முதல் கல்லைப் பெயர்த்தான். கூட்டம் கூடிவிட்டது. நாங்களும்தானே சுமந்தோம் என்று பெண்கள் கத்தினார்கள். போதகர் குடையோடு வந்து, இனி எல்லோரும் தாமதமாக வருவார்களே என்று கவலைப்பட்டார். மூத்தவர்கூட வந்தார். வந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று முன்பே சொன்னேன்.

அண்ணனும் புராங்கேயும் ஒரு பெரிய கல்லை ஆளுக்கொரு திசையில் நெம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கிழக்கே, ஒருவன் மேற்கே. கல் அசையவில்லை. அண்ணி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"நகருங்க ரெண்டு பேரும். கட்டறப்பவும் சண்டை, இடிக்கறப்பவும் சண்டை. இந்தப் பக்கம் தள்ளுங்க. ரெண்டு பேரும் இந்தப் பக்கம்!"

கல் புரண்டது. பெருங்கடல் பக்கம் தேங்கி நின்ற தண்ணீர், உறுமிக்கொண்டு இடைவெளியில் பாய்ந்தது. மூத்தவர் தம் கால் நனைந்ததும் எழுந்து வேறு கல்லுக்கு மாறினார். அன்றும் அடுத்த நாட்களிலும் யாரும் சொல்லாமலே ஊர் இறங்கி மிச்சத்தை அகற்றியது. இடைவெளியின் மேல் இரண்டு தென்னை மரத்தைப் போட்டோம். மனிதர்கள் நடக்கலாம். மோட்டார் சைக்கிள் அந்த நேரம் தபுவாரியில் நின்றிருந்தது, இப்போதும் நிற்கிறது. புராங்கேயின் கோழிகள் இரவில் அதன் மேல்தான் அடைகின்றன.

மணல் உடனே ஓடிவந்து எங்கள் கரையைக் கட்டிக்கொண்டது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. கொண்டல் திரும்பிய பிறகு ஒரு முழ அகலத்துக்கு வந்திருக்கிறது. இக்காரி மீன் முதல் வருடம் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் சிறு கூட்டம் ஒன்று போயிற்று. மழை உப்பைக் கழுவினாலும் மேடு இல்லாத கரையில் கடல் மறுபடி ஏறும், அந்த நிலத்தில் இனிக் கிழங்கு வைக்க முடியாது என்று அண்ணனே சொல்லிவிட்டான்.

மறுநாள் புராங்கே வந்து அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்துப்போனான். தபுவாரியின் நடுப்பகுதியில், இரண்டு பக்கக் கடலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சீமைப்பலா நிழலில் அவன் பாட்டன் வழி நிலம் ஒன்று இருக்கிறது.

"இந்த மரத்துலேர்ந்து அந்த மரம் வரைக்கும் அக்காவுக்கு. குழி வெட்டிக்கோ."

"யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றான் அண்ணன்.

"யோசிச்சா சொல்ல மாட்டேன். சீக்கிரம் வெட்டு."

இருவருமாகத்தான் வெட்டினார்கள். மேல் மண் கொஞ்சம், அப்புறம் சரளை, அப்புறம் பாறை. பாறையில் கடப்பாரை பட்டுத் தீப்பொறி பறக்கும், உடனே யார் சரியாகப் பிடிக்கவில்லை என்று பேச்சு பறக்கும். நானும் அண்ணியும் மேலே இருந்து கூடையை இழுத்துக் கொட்டினோம். ஆள் ஆழத்துக்கும் கீழே போனபோது, ஒரு மூலையில் ஈரம் மினுங்கியது. பிறகு மெதுவாகத் தண்ணீர் கசிந்து, பாதம் மறையும் அளவுக்குத் தேங்கியது.

அண்ணன் ஒரு சிரட்டையில் மொண்டு மேலே நீட்டினான். அண்ணி வாங்கினாள். முதலில் முகர்ந்தாள். நுனிநாக்கில் தொட்டாள். வாய் நிறைய எடுத்துக் கொப்பளித்தாள். கீழே இரண்டு முகமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னக்கா? சொல்லித் தொலை."

"மண் வாசனை அடிக்குது" என்றாள்.

"உப்பு?"

அவள் மிச்சத்தையும் குடித்துவிட்டுச் சிரட்டையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

கீழே இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கட்டிப்பிடித்துக்கொள்ளப் போகிறார்களோ என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அப்படியெல்லாம் ஆகவில்லை.

"நான் வெட்டின மூலையிலதான் வந்துச்சு" என்றான் புராங்கே.

"உன் மூலையா? காலையிலேர்ந்து அங்க நிக்கறவன் யாரு?"

அண்ணி அவர்களுக்குக் காத்திருக்கவில்லை. தம்பியின் குழியிலிருந்து பிடுங்கிவந்த பபாய்க் கன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஏணியில் இறங்கி, இருவரையும் முழங்கையால் விலக்கி, நடுச்சேற்றில் குனிந்தாள்.